பின் கேட்டும் இரண்டாம் சுற்றும்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் தேர்தலில் என் மனைவி முதலிடம் பெற்றாள். ஆனாலும் அன்றைக்கு அவள் தலைவராகவில்லை. முதலிடம் வந்தால் மட்டும் போதாது, பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் மறுபடி ஒரு தேர்தல் என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்.

இது 2021இல் நடந்தது. அந்த வருடம் எங்கள் பக்கத்து ஆட்களின் விரலில் மை அழியவே இல்லை. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக்கு ஊராட்சித் தேர்தல், ஆளுக்கு நாலு வண்ணத்தில் நாலு சீட்டு. அது முடிந்து ஆயுத பூஜையும் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத் தேர்தல்.

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு கருவியிலும் அடுத்த சோதனை நாளை எழுதிய சீட்டை ஒட்டுவது என் வேலை. அதனாலோ என்னவோ, வீட்டிலும் எது நடந்தாலும் தேதி போட்டுக் குறித்து வைப்பேன். சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் இன்னொரு பழக்கம் உண்டு. செய்தித்தாளில் தொகுதிவாரியாக வரும் பட்டியலை விரித்து வைத்து, ஜெயித்தவர் பாதிக்கு மேல் வாங்கிய தொகுதிகளுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மூன்று முனை, நான்கு முனைப் போட்டி நடந்த இடங்களில் புள்ளி வைக்கவே தேவை இருக்காது.

என் வாதம் எளிதானது. நூறு பேர் ஓட்டுப் போட்டு நாற்பது பேர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், மீதி அறுபது பேர் வேறு யாரையோ கேட்டிருக்கிறார்கள். சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் அந்த அறுபது பேரிடம் அவர் ஒரு தடவையாவது போய் நிற்க வேண்டாமா? பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று கட்டாயம் என்று வைத்தால் நின்றுதான் ஆக வேண்டும். இப்போதுள்ள சட்டத்துக்கு அடுத்தவரைவிட ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். இருவரும் சமமாக வந்துவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். புதுச்சேரியில் இருக்கும் என் தங்கையின் மாமனார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போவார். “முதல் தடவை பிடிச்சவருக்கு, ரெண்டாவது தடவை பரவாயில்லாதவருக்கு” என்பார்.

இதையெல்லாம் மே மாதம் என் மனைவியிடம் சொன்னபோது அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவ வரிசையில நின்னதுக்கே தல சுத்திப்போச்சு. மிஷினு, போலீசு, ஸ்கூல் டீச்சருங்க, எல்லாம் இன்னொரு வாட்டியா? யாரு வூட்டு செலவு?”

“அஞ்சு வருஷத்துக்கு ஒரு வாட்டிதானே.”

“அப்ப நீங்களே போய் நில்லுங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்.”

பஸ் என்றதால் அதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி, வண்டிகளுக்கு வயர்க் கட்டு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் எங்கள் குடியிருப்பின் பின்புறச் சாலையில் நிற்கும். பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது. அது திறந்திருந்தால் வாசலிலிருந்து பஸ் படிக்கட்டு கூப்பிடு தூரம். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் இரண்டு சைக்கிள்கள் காணாமல் போனதும் சங்கம் அதைப் பூட்டிவிட்டது. அதனால் முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்னே முன்பக்கக் கேட் வழியாக இறங்கி, கார் ஏற்றிப் போகும் நீள லாரிகள் திரும்புகிற சாலை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். நடைபாதை கிடையாது. மழைக்காலத்தில் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது. ஒரு நாள் பக்கத்துப் பிளாக்கில் இருக்கிற பெண் ஒருத்தி லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கி, கால் பிசகி, மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. அன்றுதான் என் மனைவி சொன்னாள், அடுத்த சங்கத் தேர்தலில் தான் நிற்கப்போவதாக. அவளுக்கு வேண்டியது அந்தக் கேட் ஒன்றுதான்.

என் விதி எப்படி நுழைந்தது என்றால், அதற்கு முந்தைய தலைவரை நாலு பேர் போட்டியில் கால்வாசிக்குச் சற்று மேல் ஓட்டில் தேர்ந்தெடுத்திருந்தோம். பாவம், நல்ல மனிதர். ஆனால் தண்ணீர் லாரிக்கு நேரம் மாற்றினாலும் சரி, மாடியில் துணி காயப்போட இடம் பிரித்தாலும் சரி, “நான் அவருக்கு ஓட்டே போடலையே” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வேலை மாறுதலில் அவர் புனேவுக்குப் போனபோது மகிழ்ச்சியாகப் போனார். ஆகஸ்டில் மொட்டை மாடியில் கூடிய பொதுக்குழுவில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நான் எழுந்து, பாதிக்கு மேல் வேண்டும், இல்லையேல் இரண்டு வாரத்துக்குள் இரண்டாம் சுற்று என்று முன்மொழிந்தேன்.

தரைத்தளத்தில் பின் கேட்டை ஒட்டிய வீட்டுக்காரர் எழுந்தார். பிள்ளைப்பாக்கத்தில் விவசாயக் குடும்பம். நிலத்தை விற்று எங்கள் குடியிருப்பில் வீடு வாங்கியவர். ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காணாமல் போன சைக்கிள்கள் அவருடைய பிள்ளைகளுடையவை.

“எதுக்கு சார் இவ்ளோ கஷ்டம்? உத்திரமேரூரு இங்கதான கீது. குடவோல போட்டுடலாம். சின்னப் பையன வுட்டு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னா முடிஞ்சிது.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது தூறல் விழ ஆரம்பித்தது. மாடியில் இருபது வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. விதி ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் என் மனைவியும் உண்டு. அதைப் பிற்பாடு நான் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். என் மனைவி. அந்தப் பிள்ளைப்பாக்கத்துக்காரர், கேட்டைத் திறக்கவே கூடாது என்பது அவருடைய கொள்கை. மூன்றாவது ஒரு திருநெல்வேலிக்காரர். மூன்றாம் பிளாக்கின் மேல் மாடியில் இருப்பவர், லிஃப்டைச் சரிசெய்வேன் என்று நின்றார். அந்தப் பிளாக்கில் தெற்கத்திக் குடும்பங்கள் அதிகம், லிஃப்ட் நின்றுபோவதும் அங்கேதான் அதிகம்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டை அவளே போட்டாள். நான் வேடிக்கை பார்த்தேன். எண்ணி முடித்தபோது என் மனைவிக்கு முப்பத்தெட்டு, பிள்ளைப்பாக்கத்துக்காரருக்கு முப்பத்தொன்று, திருநெல்வேலிக்காரருக்குப் பத்தொன்பது. கைதட்டல் தொடங்கிப் பாதியில் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“முப்பத்தெட்டு பெருசா, முப்பத்தொண்ணு பெருசா?”

“முப்பத்தெட்டு.”

“அப்ப நாந்தான தலைவரு?”

“பதிவானது எம்பத்தெட்டு. நாப்பத்தஞ்சு வந்திருக்கணும்.”

“கணக்கு எனக்கும் தெரியும். ஊர்ல எவனாவது சொந்தப் பொண்டாட்டிய நிறுத்தி வெக்கறதுக்கு ரூல் எழுதுவானா?”

“நீ தோக்கல. இன்னும் ஜெயிக்கல, அவ்வளவுதான்.”

“நல்லா கீது நாயம். எம்.எல்.ஏ.வுக்கு வெக்கணும்னீங்க, அவன் எவனும் சிக்கல, நான் சிக்கினேன். ஃபேக்டரில ஒட்றீங்களே ஸ்டிக்கரு, அத என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டி வுட்ருங்க. அடுத்த டெஸ்ட்டு எப்பன்னு.”

அன்று சாயங்காலம் சங்கச் செயலாளர் வந்தார். ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருப்பவர், சண்டை என்றாலே ஒதுங்கிவிடுவார். “மேடம்தான் லீடிங். எல்லாரும் ஒத்துக்கிட்டா இந்த ஒரு தடவை மட்டும் ரூலைத் தள்ளி வெச்சிடலாம்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

“வேணாம் சார். நாளைக்கு நான் கேட்டத் தொறந்தா, ‘புருஷன் எழுதினான், பொண்டாட்டி அழிச்சா’ன்னு பேசுவாங்க. ரெண்டாவது சுத்தே நடத்துங்க.”

அவர் போனபின் என் பக்கம் திரும்பி, “சிரிக்காதீங்க” என்றாள். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தேதி குறிக்கச் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வேட்பாளரின் கணவன் என்பதால் நான் ஒதுங்கிக்கொண்டேன். தினசரிக் காலண்டரைப் பார்த்து அமாவாசை இல்லை, முகூர்த்தம் இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கிளம்பவில்லை என்று அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அதற்குள் வாக்குச் சேகரிப்பு தொடங்கிவிட்டது.

முதல் சுற்றில் என் மனைவி போன வீடுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த வீடுகள். முதல் ஷிப்டுப் பெண்கள், கூட வேலை செய்கிறவர்கள், சீட்டுக் கட்டுகிறவர்கள். இப்போது அவற்றுக்குப் போய்ப் பயனில்லை. தோற்றுப்போன திருநெல்வேலிக்காரரின் பத்தொன்பது வீடுகள்தான் முக்கியம். அவர் வீட்டுக்கு இரண்டு தரப்பும் மாறி மாறி ஏறின. லிஃப்ட் நின்றிருந்ததால் நடந்துதான் ஏறின. ஒரு நாள் நானும் கூடப் போனேன். மேசையில் ஏற்கெனவே ஒரு தட்டு அதிரசம், பிள்ளைப்பாக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

“வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி” என்றார். “ஜெயிச்சிருந்தாக்கூட இவ்ளோ பேரு மாடியேறி வந்திருக்க மாட்டாவ. தோத்தவனுக்கு இந்த மரியாதயா? உங்க ரூலு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு அண்ணாச்சி.”

“லிஃப்ட நானும் பாக்கறேன் தம்பி” என்றாள் என் மனைவி. “பின் கேட்டத் தொறக்கறதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்? உங்க பிளாக்குல ஒருத்தரும் எனக்குப் போடலியே.”

அவர் பதில் சொல்வதற்கு முன் உள்ளறையிலிருந்து அவர் மனைவி வந்தார். “கோவிச்சுக்காதீய மதினி. அந்தக் கேட்டுக்கு நேர மேலதான் எங்க படுக்கற ரூமு. இவுக நைட் ஷிப்டு முடிச்சு வந்து கண்ண மூடுத நேரத்துக்கு ஷேர் ஆட்டோக்காரன் உள்ள வந்து ஹாரன் அடிப்பான். தொறந்திருந்த காலத்துல அப்பிடித்தான். கீழ் வீட்டுப் புள்ள ஒண்ணு கேட்டத் தாண்டி ஏரிக்கால்வா வரைக்கும் போயிருச்சு. நீங்க அப்ப டூட்டியில இருந்திருப்பீய.”

என் மனைவிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. மறுநாள் அவள் சொல்லும் வாக்குறுதி மாறியிருந்தது. கேட் நாள் முழுக்கத் திறந்திருக்காது. ஷிப்டு மாறும் நேரங்களில் மட்டும். ஒரு ஆள் நிற்பார். ஆட்டோ உள்ளே வராது. இதைத்தான் இத்தனை வருடமாகப் பென்சில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே பிள்ளைப்பாக்கத்துக்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“எல்லா வூட்டுக்கும் போய்க்கினு கீறேங்க்கா. உங்க வூட்ட மட்டும் வுட்டா நல்லாருக்காது. உங்க ஓட்டு எனக்குதான்.”

“கண்டிப்பா தம்பி. உக்காரு, டீ குடி.”

அவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க ஷிப்டு பொம்பளைங்க கிட்ட பேச முடியலக்கா. எந்த வூட்டுக்குப் போனாலும் ஒரே வார்த்த. ‘கேட்டத் தொறப்பியா, அதச் சொல்லு.’ என் பொண்டாட்டியும் இப்ப அதான் சொல்லுது. சரி, தொறக்கறேன்னு சொல்லிட்டேன். ஷிப்டு டைம்ல மட்டும்.”

என் மனைவி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். “அது என்னோட கேட்டு.”

“இப்ப என்னோடதும்தான்.”

“அப்ப எதுக்குப் போட்டி? நீ வெலகிக்கோ.”

“நீ வெலகுக்கா. உன் கேட்ட நான் தொறந்து வுடறேன்.”

மூவரும் சிரித்தோம். ஆனால் அவர் போனபின் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “ஓட்டுக்காகத் தொறக்கறேன்றாரு. ரெண்டு வருஷம் முன்னாடி சங்கத்துல சொல்லி அந்தக் கேட்டப் பூட்ட வெச்சதே அவருதான். சாவி கையில வந்தப்புறம் ‘வாட்ச்மேன் கெடைக்கல, பாக்கலாம்’னு ஒரு வார்த்த சொன்னாப் போச்சு. மழ ஆரம்பிச்சிருச்சு. நாங்க திரும்ப லாரி ரோட்லதான் போகணும்.” எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் சுற்று ஒருவரை வாக்குறுதி கொடுக்க வைக்கும். நிறைவேற்ற வைக்குமா என்பதற்கு என் செய்தித்தாள் பட்டியல்களில் விடை இல்லை.

தேர்தலுக்கு நாலைந்து நாள் முன்புதான் அந்தத் தவறு வெளியே வந்தது. அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியும் லீவு கொடுத்தால் ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி. அதற்கு ஈடாக அதற்கு முந்தைய ஞாயிறு வேலை நாள் என்று பல கம்பெனிகள் அறிவித்திருந்தன. எங்கள் தேர்தல் ஞாயிறு அதுதான். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் முடிகிற வாக்குப்பதிவுக்கு முதல் ஷிப்டில் இருக்கிற ஒருவரும் வர முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் எந்த ஷிப்டு என்று மனப்பாடமாகத் தெரிந்த எங்கள் ஆட்கள், அந்த நாள் ஞாயிறு என்ற ஒரே காரணத்தால் யோசிக்கவே இல்லை. இதில் முதல் ஆள் செயலாளர்தான். அவர் கம்பெனியில் அந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்.

“நீங்கதான சார் போட்டீங்க?” என்று கேட்டார் பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

“கம்பெனிக்குப் போட்டேங்க. இது சங்கம்தானேன்னு நெனச்சேன்.”

தள்ளி வைக்க முடியாது. இரண்டு வாரத்துக்குள் என்று விதி. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். கடைசியில் செயலாளரே வழி கண்டுபிடித்தார். முதல் பஸ் வரும்போதே தொடங்கி மாலை வரை வாக்குப்பதிவு. பெட்டியைப் பஸ் நிற்கிற இடத்துக்கே கொண்டுபோய் வைப்பது. அதாவது பின் கேட்டை அன்று ஒரு நாள் திறந்து, அதன் உள்பக்கத்தில் மேசை போடுவது. இரண்டு வேட்பாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. பெட்டி என்பது ஒரு வீட்டின் முறுக்கு டப்பா, மூடியில் காகிதம் ஒட்டிக் கீறல் போட்டது. டப்பாவுக்குச் சொந்தக்கார அம்மாள் தீபாவளிப் பலகாரத்துக்கு அது வேண்டும் என்று அன்று முழுக்க மூன்று தடவை வந்து விசாரித்தார். விடியும் முன் தூறல் நின்றிருந்தது. பெண்கள் சீருடைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள், சீட்டில் குறியிட்டு டப்பாவில் போட்டுவிட்டு அப்படியே கேட்டைத் தாண்டி பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம். ஓட்டு.”

“இன்னும் எத்தினி எலெக்‌ஷன்மா உங்களுக்கு? எந்தக் கட்சி?”

“கேட்டுக் கட்சி. ரெண்டு பேரும் அதான்.”

அந்த வரிசையில் என் மனைவி கடைசியாக ஓட்டுப் போட்டாள். பஸ் படியில் நின்றுகொண்டு, “டப்பாவப் பாத்துக்கோங்க” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

டப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். கேட்டை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. பிற்பகலில் கூட்டம் இல்லாத நேரத்தில் செயலாளர் டீ வாங்கப் போனார். நான் மீதி ஓட்டுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல் மாடியிலிருந்து திருநெல்வேலிக்காரரின் மனைவி, “அண்ணாச்சி, மாடு, மாடு” என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். ஒரு வெள்ளைப் பசு கேட் வழியாக நிதானமாக உள்ளே வந்து, மூன்றாம் பிளாக்கின் அடியில் அவர் தொட்டியில் வளர்த்திருந்த கனகாம்பரத்தையும் வெற்றிலைக் கொடியையும் மேய்ந்துகொண்டிருந்தது. நான் “ஏய், ஏய்” என்றேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. டீயோடு வந்த செயலாளர் குடையை விரித்து முன்னால் காட்டினார். பசு குடையை முகர்ந்து பார்த்தது. மாடி வராந்தாக்களில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

அப்போதுதான் பிள்ளைப்பாக்கத்துக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். ஒரு கணம் பார்த்தார். “அட, இது எங்க சித்தப்பா வூட்டு மாடு.” அருகில் போய் நாக்கைச் சொடுக்கி, கழுத்துக்கடியில் சொறிந்துகொடுத்து, காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசியபடியே நடந்தார். பசு கூடவே போனது. வெளியே விட்டுவிட்டு வந்து கையைக் கழுவினார், ஒரு நாற்காலியைக் கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். மாலை வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்றாம் பிளாக்கிலிருந்து ஓட்டுப் போட இறங்கிய ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் வந்தார்கள்.

“கேட்டுக்கு நீரே போதும்வே, வாட்ச்மேன் எதுக்கு?” என்று திருநெல்வேலிக்காரர் அவரைக் கேலி செய்தது என் காதில் விழுந்தது. அந்தக் கேலியைக் கேட்டபோதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

ஷிப்டு முடித்து வந்த என் மனைவி எண்ணிக்கையின்போது டப்பாவுக்கு எதிரில் நின்றாள். அவளுக்கு நாற்பத்து நாலு. அவருக்கு நாற்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். எண்ணினோம். அதேதான். ஒரு நிமிடம் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கைகூப்பி, “தலைவருக்கு அப்புறம் போடலாம், முதல்ல அவங்க சித்தப்பா மாட்டுக்கு ஒரு சால்வ போடுங்க. கரெக்ட்டா டைமுக்கு வந்துச்சு” என்றாள். சிரிப்பில் அவர்தான் அதிகம் சிரித்தார். “சத்தியமா நான் கூப்புடலக்கா” என்றார். முறுக்கு டப்பாவின் சொந்தக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “பாதிக்கு மேல வாங்கிட்டாரில்ல?”

“வாங்கிட்டார்.”

“முதல்ல வந்தவ தோத்தா. ரெண்டாவதா வந்தவரு ஜெயிச்சாரு. உங்க எம்.எல்.ஏ. ரூல்லயும் இப்பிடித்தான் ஆகும்?”

“ஆகலாம். ஆனா அவரு உங்க ஆளுங்க வீட்டுக்கெல்லாம் வந்தாரே. நீயும் மூணாவது பிளாக்குக்கு ஏறின.”

“நான் ஏறினேன். எம்.எல்.ஏ. ஏறுவாரா? லச்சம் பேரு வூடு.”

“எல்லா வீட்டுக்கும் வர முடியாது. ஆனா எந்த ஊர் தனக்குப் போடலைன்னு பார்த்து அந்த ஊருக்கு வருவார். வந்தா யாராவது ஒருத்தர் ஒரு கேட்டைப் பத்திக் கேப்பாங்க.”

“கேட்டா தொறக்கறேன்னுதான் சொல்லுவாரு. யாரும் மூடறேன்னு சொல்லி ஓட்டு கேக்கறதில்ல.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்குக் காலையில பாப்போம். அதுக்கப்புறம் உங்க ரூலு நல்லதா கெட்டதான்னு சொல்றேன்.”

திங்கட்கிழமையும் அவளுக்கு முதல் ஷிப்டு. இரவு முழுக்க மழை பெய்து, விடியும்போதும் விடவில்லை. நானும் குடையோடு கூடப் போனேன். பின் கேட்டுக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கேட்டில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் இல்லை. கம்பிகளுக்கு அப்பால் சாலையில் பஸ்ஸின் விளக்கு வந்துகொண்டிருந்தது.

என் மனைவி பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். “வாங்க, முன்னால போலாம். ஓடினா புடிச்சிடலாம்” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பினாள். நான்கு அடி வைத்திருப்பாள்.

“அக்கா, நில்லு, நில்லுக்கா.”

தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் ஓடி வந்தார். கையில் சாவி. “வாட்ச்மேன் ஃபோன எடுக்க மாட்றான். மழைக்குத் தூங்கிட்டாம் போல.” பூட்டு திறக்க மறுத்தது. அவர் அதைத் திட்டினார், வாட்ச்மேனைத் திட்டினார், இன்னொரு தடவை திருகினார். திறந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி, “தேங்க்ஸ் தலைவரே” என்றாள். இன்னொருத்தி, “லேட்டு தலைவரே” என்றாள்.

என் மனைவி கேட்டில் ஒரு கணம் நின்றாள். “இந்த வாரம் பூரா எங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுதான் தம்பி.”

“தெரியும்க்கா. என் பொண்டாட்டியும் அடுத்த வாரம் உங்க கம்பெனியிலதான சேருது, அதே பஸ்ஸுதான். இன்னொரு வாட்டி நீயே நில்லு, நான் உனக்குப் போடறேன்.”

அவள் சிரித்துக்கொண்டே போய் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, என்னைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினாள். விதி நல்லதா கெட்டதா என்று காலையில் சொல்கிறேன் என்றாளே, அந்தப் பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் போனதும் தலைவர் கேட்டைச் சாத்திப் பூட்டினார். துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டே என் குடைக்குள் வந்து நின்றார்.

“சார், உங்க ரூல்ல தலைவரு ராஜினாமா பண்றதுக்கு இன்னா எழுதியிருக்கீங்க?”

“அதுக்கு நான் ஒண்ணும் எழுதலைங்க.”

“எழுதாதீங்க” என்றார். “வாட்ச்மேன் மட்டும் ஒருத்தன் இருந்தா சொல்லுங்க.”